பழைய கோயிலைப் பெரிதாக்குமுன் ஒரு மழைக்காலம் பொறுங்கள்

"கோயில் பத்தலை சார். பக்கச் சுவரை எடுத்துட்டு ரெண்டு பக்கமும் இழுத்துரலாமா?" தென்மாவட்டக் கிறிஸ்தவச் சபைகளிலிருந்து எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். அங்கே கோயில் என்றால் தேவாலயம். அதற்குள் கட்டடக் கமிட்டி போட்டிருப்பார்கள். சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கிற ஊர்ப் பிள்ளைகள் பணத்துக்கு வாக்குக் கொடுத்திருப்பார்கள். கோயிலைப் பிரதிஷ்டை செய்த நாளைக் கொண்டாடுகிற அடுத்த பிரதிஷ்டைப் பண்டிகைக்குள் வேலை முடிய வேண்டும். பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி: எந்த ஞாயிறு பத்தவில்லை?

கிறிஸ்துமஸ், டிசம்பர் 31 இரவு ஆராதனை, புனித வெள்ளி, அசனம் (சபையார் கூடிச் சாப்பிடும் விருந்து) என்றால் வெளியூரில் இருப்பவர்கள் எல்லாம் வந்து இறங்குவார்கள், கூட்டம் வாசலைத் தாண்டித்தான் நிற்கும். அதற்குப் பந்தல் போதும். சாதாரண ஞாயிறுகளில் இரண்டு மூன்று மாதம் தலையை எண்ணுங்கள். பெஞ்சில் ஒருவருக்கு ஒன்றரை அடி என்று வைத்து, இருக்கிற இடத்தில் எத்தனை பேர் உட்காரலாம் என்று கணக்குப் போடுங்கள். காலையில் இரண்டு ஆராதனை வைத்தால் பாரம் குறையுமா என்று குருவானவரிடம் பேசுங்கள். அப்புறமும் இடிக்கிறது என்றால் சரி, பெரிதாக்கத்தான் வேண்டும்.

அடுத்தது கூரை. நூறு வருஷத்துக்கு மேலான கோயில்களில் ஓட்டுக்கூரை இல்லாதவை பலவும் மெட்ராஸ் டெரஸ்தான். தேக்கு விட்டங்கள், அவற்றின் மேல் குறுக்காகக் கட்டைகள், கட்டைகளுக்கு மேல் சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் நிறுத்தி வைத்த அடுக்கு, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்த தளம், கடைசியாகத் தட்டோடு என்கிற தட்டையான ஓடு. நன்றாகக் கட்டி, தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் பல தலைமுறைக்கு நிற்கும். அதைக் கெடுப்பது ஒழுகலுக்கு நாம் பார்க்கிற வைத்தியம். ஒவ்வொரு கமிட்டியும் பழைய தளத்தைக் கொத்தி எடுக்காமல் அதன் மேலேயே இன்னொரு தளம் போட்டுவிட்டுப் போகும். மூன்று அங்குலத் தளம் சதுர அடிக்குச் சுமார் 13 கிலோ. 2,500 சதுர அடிக் கூரைக்கு 30 டன்னுக்கு மேல் வரும். இரண்டு முறை போட்டிருந்தால் அந்த விட்டங்கள் என்ன பாடுபடும்!

விட்டம் கெடுவது நடுவில் இல்லை, சுவருக்குள் போகிற முனையில். அங்கேதான் ஈரம் நிற்கும், கரையானும் ஏறும். கீழே நின்று பார்த்தால் வார்னிஷ் பளபளக்கும். ஏணி போட்டு ஏறி, சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தேக்கு கணீர் என்று கேட்கும், உள்ளே போனது தொம் என்று கேட்கும். கூர்மையான கம்பியால் குத்தினால் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்பதை எழுதி வையுங்கள். பால்ஸ் சீலிங் போட்டு மறைத்திருந்தால் அதில் சில பலகைகளையாவது கழற்றாமல் யாருக்கும் மதிப்பீடு கொடுக்க விடாதீர்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு "ஸ்ட்ராங்கா இருக்கு" என்று சொல்கிற பொறியாளரை நான் நம்புவதில்லை. "எல்லாம் போச்சு, இடிச்சுருங்க" என்று சொல்பவரையும்தான்.

சுவரில் விரிசல் இருந்தால் உடனே சிமென்ட் பூசாதீர்கள். மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுங்கள். அஸ்திவாரம் அசைந்தால் கண்ணாடி உடையும். உடையவில்லை என்றால் அது பழைய விரிசல், அடைத்தால் போதும். இதற்கு ஒரு வடகிழக்குப் பருவமழை கடக்க வேண்டும். கோடையில் பார்த்துவிட்டு முடிவெடுக்கக் கூடாது. கரிசல் மண் என்றால் கட்டாயம் பொறுக்க வேண்டும், மழையில் உப்பிக் கோடையில் சுருங்குகிற மண் அது. கமிட்டிகள் முறுக்கிக்கொள்வது இங்கேதான். பிஷப் கால்டுவெல் திருநெல்வேலிப் பக்கத்து இடையன்குடிக் கோயிலைக் கட்டி முடித்துப் பிரதிஷ்டை செய்தது 1880-இல். வேலை ஆரம்பித்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நாம் ஒரு ஐப்பசி, கார்த்திகை பொறுக்கலாம்.

சுண்ணாம்புச் சுவருக்கும் சிமென்ட்டுக்கும் ஆகாது. கடலோரத்து ஊர்களில் சுவர் அடியில் மூன்று நான்கு அடிவரை உப்புப் பூத்துப் பொரிந்து உதிரும். அசிங்கமாக இருக்கிறதென்று சிமென்ட் பூசி, நான்கடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். இரண்டு வருஷம் கழித்துப் போய்ப் பாருங்கள். டைல்ஸ் முடிகிற வரிக்கு நேர் மேலே பெயின்ட் கொப்பளித்து நிற்கும். மண்ணிலிருந்து ஏறுகிற ஈரம் முன்பு சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆறிப் போனது. இப்போது வழி அடைபட்டதால் இன்னும் மேலே ஏறி வெளியே வருகிறது. சுவரின் உட்புறம் உப்பு சேர்ந்து செங்கல்லே மாவாகும். தரையில் பழைய கல்லை எடுக்காமல் அதன் மேலேயே கிரானைட் போடுவதும் இதே கதைதான். ஈரத்தை அப்படியே சுவர்ப்பக்கம் தள்ளும். கிரானைட்டை உபயமாகக் கொடுப்பவரிடம் இதைச் சொல்வது சங்கடம்தான், சொல்லியாக வேண்டும். பூச்சுக்குச் சுண்ணாம்பே வேண்டும், அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் செட்டிநாட்டுப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். "கொஞ்சம் சிமென்ட் சேர்த்தா பலம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இனி, எடுத்துவிடலாமா என்று முதலில் கேட்ட பக்கச் சுவர். உள்ளே வரிசையாக வளைவுகள் இருக்கிற கோயிலில் ஒவ்வொரு வளைவும் பக்கத்து வளைவைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. கடைசித் தள்ளலை வாங்குவது முனைச் சுவரும் வெளியே முட்டுக்கொடுக்கிற தூண்களும். "இந்தத் தூண் சும்மா அழகுக்கு" என்று ஒன்றை எடுத்தால் மற்றவை இளகும். இருக்கிற ஜன்னலைக் கீழே தரைவரை இறக்கி வாசலாக்குவது பெரும்பாலும் முடியும். சுவரையே எடுப்பது வேறு வேலை, வேறு செலவு.

என் யோசனை, புதுக்கட்டு தன் சொந்தக் காலில் நிற்கட்டும் என்பதுதான். பழைய கோயில் நூற்றைம்பது வருஷத்தில் எவ்வளவு இறங்க வேண்டுமோ அவ்வளவு இறங்கி அமர்ந்துவிட்டது. புதுக் கான்கிரீட் சிறகு இனிமேல்தான் இறங்க ஆரம்பிக்கும். இரண்டையும் கம்பி போட்டுப் பிணைத்தால் சேர்கிற இடத்தில் மேலிருந்து கீழ்வரை கிழியும். இடையே ஒரு அங்குல இடைவெளி விட்டு, மழைநீர் இறங்காதபடி மேலே தகடு மூடுங்கள். பழைய அஸ்திவாரம் பல இடங்களில் மூன்று நான்கு அடிதான் இருக்கும். அதை ஒட்டி ஜேசிபி வைத்து ஆறடிக் குழி தோண்டினால் சுவருக்கு அடியில் மண் சரியும். தள்ளித் தோண்ட இடமில்லை என்றால் நாலடி நாலடியாகத் தோண்டி, கட்டி நிரப்பி, அப்புறம்தான் அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். முகப்பின் மேல் உயரமாகக் கோபுரம் வேண்டும் என்றாலும் இதே விதிதான், அதற்குத் தனி அஸ்திவாரம்.

வேளாங்கண்ணியில் 1970-களில் கூட்டம் பெருகியபோது பழைய ஆலயத்தின் பின்புறத்தில் இரண்டு அடுக்காகப் புது ஆலயத்தைச் சேர்த்தார்கள். முகப்பு அப்படியே இருக்கிறது. சென்னை சாந்தோமில் புனித தோமாவின் கல்லறையைப் பார்க்க வருகிறவர்களால் ஆராதனைக்கு இடைஞ்சல் இருந்தது. கல்லறைக்குத் தனிச் சிற்றாலயமும் தனி வழியும் அமைத்ததில் அது தீர்ந்தது. உங்கள் ஊர் வளாகத்தில் பின்பக்கம் காலியிடம் இருக்கிறதா, பழைய பள்ளிக்கூடம் சும்மா கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஞாயிறு பள்ளிக்கு ஒரு ஹால் கட்டிப் பிள்ளைகளை அங்கே உட்கார வைத்தாலே பாதி நெருக்கடி தீர்ந்த கோயில்கள் உண்டு.

வழிபாட்டுத் தலக் கட்டுமானத்துக்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவைப்படும். வரைபட அனுமதி வேறு. இரண்டும் கைக்கு வராமல் அடிக்கல் நாட்டு விழாவுக்கு நோட்டீஸ் அடிக்காதீர்கள்.

கமிட்டி மாறிக்கொண்டே இருக்கும், கட்டடம் மாறாது. எந்த விட்டம் மாற்றப்பட்டது, ஒயர் எந்தச் சுவருக்குள் போகிறது, கூரையில் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று புகைப்படத்தோடு ஒரு பைலில் போட்டுக் கோயில் பீரோவில் வையுங்கள். ஆடி முடிவதற்குள் யாராவது ஒருவர் மாடியேறி, வடிகுழாயில் கிடக்கிற சருகையும் தட்டோட்டு இடுக்கில் முளைத்த அரசங்கன்றையும் எடுக்க வேண்டும். கன்றை இழுத்துப் பிடுங்கினால் வேரோடு சுண்ணாம்பும் பெயர்ந்து வரும். அறுத்துவிட்டு, வேருக்கு மருந்து வைத்து, அது காய்ந்த பிறகு சுண்ணாம்பால் அடையுங்கள்.