மூன்று நாளில் ஏற்றுக்கொள்ளப்பட்ட காரல் மீன் கட்டுரை

போன வருடம் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போன வாரம். ஒரு தகப்பனும் மகளும் மண்டபத்தில் என் வீட்டுக்கு வந்தார்கள். அவர் பாம்பனில் விசைப்படகில் போகிறவர். மகள் பாக் நீரிணைக் காரல் மீன்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். கையில் ஒரு மின்னஞ்சலின் பிரிண்ட்.

"ஐயா, புள்ள எழுதுனது வெளிநாட்டுப் புத்தகத்துல வருதாம். இருபத்தஞ்சாயிரம் கட்டச் சொல்றாக. ஏலச்சீட்டை எடுத்துக் கட்டிறலாமா?"

கட்டுரையை அனுப்பி மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். நான் இருபது வருடத்துக்கு மேலாகக் கடல் உயிரியல் கட்டுரைகளை மதிப்பாய்வு செய்கிறேன், அதாவது வெளியிடும் முன் இதழ்களுக்காகப் படித்துப் பிழை பார்த்துச் சொல்கிறேன். மூன்று நாளில் எனக்கு அட்டவணைகளைக்கூடச் சரிபார்த்து முடியாது. சரி, தளத்தைத் திறந்து பார்ப்போம் என்று உட்கார்ந்தோம்.

இதழின் பெயர் பழையது, மதிப்புள்ளது. ஒவ்வோர் இதழுக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னும் சரியாக இருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலான இதழ் என்று முகப்பிலேயே போட்டிருந்தார்கள். ஆனால் பழைய இதழ்களைத் தேடினால் கடைசி இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இருந்ததிலும் மீனுக்குப் பக்கத்தில் வங்கி நிர்வாகம், அதற்குப் பக்கத்தில் சிமென்ட் கலவை. அப்புறம் ஆசிரியர் குழுவைப் பார்த்தேன். அதில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பேராசிரியரின் பெயர் இருந்தது. அவர் இறந்து ஐந்து வருடம் ஆகிறது.

இதைக் கடத்தப்பட்ட ஆய்விதழ் என்போம். உண்மையான இதழின் பெயரையும் எண்ணையும் திருடி, அதேபோல ஒரு தளம் கட்டி, பணம் வசூலிப்பது. ஆஸ்திரியாவில் கரிந்தியா மாநில அருங்காட்சியகம் நடத்தும் வுல்ஃபேனியா என்ற தாவரவியல் இதழுக்கும், ஐஸ்லாந்தின் யோக்குல் இதழுக்கும் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பே இது நடந்தது. சிறிய இதழ்கள், அச்சிலேயே அமைதியாக வந்துகொண்டிருந்தவை, இணையத்தில் பெரிதாகத் தலைகாட்டாதவை. அதனால்தான் அவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். "ஸ்கோபஸ்ல இருக்குன்னு கைடு சொன்னார் சார்" என்றாள் அந்தப் பெண். ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களையும் கட்டுரைகளையும் பட்டியலிடும் தரவுத்தளம். அதில் இருக்கும். பட்டியலில் இருப்பது உண்மையான இதழ், இவள் அனுப்பியது போலிக்கு. சில நேரம் போலித் தளத்தின் கட்டுரைகளே அந்தப் பட்டியலுக்குள் நுழைந்துவிட்டதும் உண்டு.

நான் அவளிடம் கேட்டது ஒன்றுதான். இந்த இதழை இதுவரை யார் யார் நடத்தினார்கள் என்று உனக்குத் தெரியுமா?

தெரியவில்லை. அவள் மேல் தப்பில்லை. எந்த இதழுக்கு எவ்வளவு மதிப்பெண் என்று சொல்லிக்கொடுக்கிறோமே தவிர, ஓர் ஆய்விதழுக்குப் பிறந்த ஊரும் வளர்த்த ஆட்களும் உண்டு என்று வகுப்பில் யாரும் சொல்வதில்லை. இத்தனைக்கும் அவள் வீட்டிலிருந்து பாலத்தைத் தாண்டினால் வரும் ஊரில்தான் இந்தியக் கடல் உயிரியலின் இரண்டு முக்கிய இதழ்களின் வேர் இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-ல் தொடங்கியது. 1949 முதல் 1971 வரை அதன் தலைமையகம் மண்டபம் கேம்ப். இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிஷரீஸ் 1954-ல் வந்தது. 1958-ல் மண்டபம் கேம்பிலேயே இந்தியக் கடல் உயிரியல் சங்கம் அமைந்தது. அடுத்த வருடமே சங்கத்தின் ஆய்விதழ், வருடத்துக்கு இரண்டு முறை என்று வெளிவரத் தொடங்கியது.

அந்தக் காலத்து மண்டபத்தை யோசித்துப் பாருங்கள். மின்னஞ்சல் கிடையாது. கட்டுரை தபாலில் வரும், மதிப்பாய்வுக்குத் தபாலில் போகும், திருத்தத்தோடு திரும்பி வரும். 1962 ஜனவரியில் சூரை, சீலா (வஞ்சிரம்) வகை மீன்களுக்காக ஒரு கருத்தரங்கு, 1969 ஜனவரியில் பவளப்பாறைகளுக்காக ஒன்று, இரண்டுமே மண்டபம் கேம்பில்தான் நடந்தன. அவற்றின் கட்டுரைகள் தொகுதிகளாக வந்தன. நடுவில் 1964 டிசம்பர் புயல். தனுஷ்கோடி போனது, பாம்பன் பாலம் சிதைந்தது. அடுத்த வருடம் சங்கத்தின் இதழுக்கு ஏழாவது தொகுதி வந்துவிட்டது. தலைமையகம் கொச்சிக்கு மாறிய பிறகும் தொகுதி எண் விட்டுப்போகவில்லை. என் அலமாரியில் இருக்கும் பழைய தொகுதிகளை அவளிடம் எடுத்துக் கொடுத்தேன். தூசியில் தும்மிக்கொண்டே புரட்டினாள். ஓர் இதழின் வரலாறு என்று நான் சொல்வது இந்தத் தொடர்ச்சியைத்தான். தளத்தின் முகப்பை இரண்டு நாளில் திருடிவிடலாம், அறுபது வருடத் தொகுதிகளை யாரும் உட்கார்ந்து போலியாக எழுதப் போவதில்லை.

இதழுக்கு வெளியே உள்ள நிபுணர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்கும் வெளி மதிப்பாய்வு என்பதே ஆதிகாலம் முதல் இருந்த சடங்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1953-ல் டிஎன்ஏவின் வடிவத்தைச் சொன்ன வாட்சன், கிரிக் கட்டுரையை நேச்சர் இதழ் வெளி மதிப்பாய்வுக்கு அனுப்பாமலே போட்டது. அங்கே அது எல்லாக் கட்டுரைக்குமான நடைமுறையானது 1973-ல்தான். 2012-ல் தொடங்கிய ஈலைஃப் இதழோ 2023 முதல், மதிப்பாய்வுக்குப் பிறகு ஏற்பு, நிராகரிப்பு என்ற முடிவையே விட்டுவிட்டு, மதிப்பாய்வுகளைக் கட்டுரையோடு சேர்த்தே வெளியிடுகிறது. முறை மாறலாம். யார் பொறுப்பு என்பது தெரிய வேண்டும். பொறுப்பில்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 2013-ல் ஜான் போஹானன் என்ற அறிவியல் பத்திரிகையாளர் செய்த சோதனை இருக்கிறது. ஒரு லைக்கனிலிருந்து (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிரி) எடுத்த பொருள் புற்றுநோய் செல்லைத் தடுக்கிறது என்று வேண்டுமென்றே பிழைகளோடு ஒரு கட்டுரை தயாரித்து, 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன.

பட்டியலை நம்பலாமா என்றால், 2018-ல் பல்கலைக்கழக மானியக் குழு, தான் ஏற்கும் ஆய்விதழ்களின் பட்டியலிலிருந்து 4305 இதழ்களை நீக்கியது. அதற்குப் பதிலாக 2019-ல் வந்த கேர் என்ற பட்டியலையும் 2025-ல் கைவிட்டது. இனி பார்த்து முடிவெடுக்க வேண்டியது ஆய்வாளரும் கல்லூரியும்தான். முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற விதியை மானியக் குழு 2022-லேயே எடுத்துவிட்டது. ஆனாலும் பல இடங்களில் உள்விதி என்று கேட்கிறார்கள். அந்த அவசரத்தில்தான் இந்த மின்னஞ்சல்களுக்கு ஆள் கிடைக்கிறது.

இது பட்டம் வாங்குகிறவர்களின் பிரச்சினை மட்டும் என்று நினைக்காதீர்கள். 2008-ல் கரண்ட் சயின்ஸ் இதழில், குருசடைத் தீவில் கப்பாஃபைகஸ் பாசி பவளப்பாறை மேல் படர்கிறது என்று ஒரு கட்டுரை வந்தது. பாசி வளர்த்துப் பிழைக்கும் பெண்களுக்கும் பவளப்பாறைக்கும் நடுவே இன்றைக்கும் நடக்கும் வாதத்தில் அந்தக் கட்டுரை வந்து நிற்கிறது. ஆதரிக்கலாம், மறுக்கலாம். யார் பார்த்து வெளியிட்டார்கள் என்பதாவது தெரியும். நாளைக்கு ஒரு போலி இதழில் வந்த காரல் மீன் கணக்கை வைத்து யாராவது வலைக்கண் அளவைப் பேசினால்?

அந்தப் பெண் நல்லவேளையாகப் பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. திரும்பப் பெறுகிறேன் என்று எழுதச் சொன்னேன். அதற்கும் தனிக்கட்டணம் கேட்டார்கள்! கட்டாதே, எழுதியதற்கு மட்டும் ஆதாரம் வைத்துக்கொள் என்றேன். போலித் தளத்தில் கட்டுரை ஏறிவிட்டால், ஏற்கெனவே வெளியானது என்று சொல்லி நல்ல இதழ்கள் வாங்க மாட்டார்கள். பணத்தைவிடப் பெரிய நஷ்டம் அதுதான். பிறகு உண்மையான இதழின் ஆசிரியருக்கு, அவருடைய நிறுவன முகவரியைத் தேடி எழுதினோம். அப்படி ஒரு கட்டுரை தங்களுக்கு வரவே இல்லை என்று பதில் வந்தது. பெயர் திருடப்பட்டது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

பிறகு முறைப்படி அங்கேயே அனுப்பினாள். நான்கு மாதம் கழித்து மதிப்பாய்வு வந்தது, மூன்று பக்கம். இரண்டு இனங்களை ஒன்றாகச் சேர்த்து அளந்திருக்கிறீர்கள் போலிருக்கிறது, வாயை இழுத்துப் பார்த்தீர்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். காரலில் சில இனங்களுக்கு வாய் மேல்நோக்கி நீளும், சிலவற்றுக்குக் கீழ்நோக்கி. ஒரு பேரினத்துக்குக் கோரைப்பல் உண்டு. சரியான கேள்விதான், நானும் கவனித்திருக்கவில்லை.

இப்போது விடியற்காலையில் மண்டபம் இறங்குதளத்தில் இடுக்கியோடு உட்கார்ந்து ஒவ்வொரு மீனின் வாயாகத் திறந்து பார்க்கிறாள். போன வாரம் அப்பா என்னிடம், "இன்னும் எம்புட்டு மீனுய்யா பாக்கணும்?" என்று கேட்டார். இருநூறு இருக்கும் என்றேன். "அப்ப நாளைக்கு நம்ம போட்டுலேருந்தே ஒரு கூடை தாரேன்" என்றார்.