சேனை: படையும் அன்று, கிழங்கும் அன்று

மட்டக்களப்பிலிருந்து வடக்கே போகும் பேருந்தின் பெயர்ப்பலகையில் வாழைச்சேனை என்பதையும், தெற்கே கல்முனையை ஒட்டிச் சேனைக்குடியிருப்பு என்பதையும் முதன்முதலாகப் படிக்கும் வெளியூர்த் தமிழர் சற்றுத் திகைப்பது இயல்பே. வாழைக்கும் படைக்கும் என்ன உறவு? சேனைக்குடியிருப்பு என்றால் படைவீரர் விடுதியா? கிரான் பகுதியிலுள்ள பொண்டுகள்சேனை என்ற பெயரோ மகளிர் படையொன்றையே கண்முன் அணிவகுக்கச் செய்துவிடும். சமையல் நினைவு மிகுந்தோர் சேனைக்கிழங்கை எண்ணுவர். வடமொழிவழி வந்த படைப்பொருளும் கிழங்கின் பெயரும் இவ்வூர்ப் பெயர்களுக்குப் பொருந்தா.

கிழக்கிலங்கையில் சேனை என்பது காட்டை வெட்டி, காயவிட்டு, எரித்து, மாரி மழையை நம்பிப் பயிரிடும் மேட்டுநிலத்தைக் குறிக்கும். சோளன், குரக்கன், எள்ளு, பயறு, பூசணி, மிளகாய் முதலியன அதில் விளையும். சில போகங்களில் மண்ணின் வளம் குன்றியதும் அந்நிலத்தை மீண்டும் காடாக விட்டுவிட்டு வேறிடத்தை வெட்டுவர். ‘சேனை வெட்டுதல்’, ‘சேனைக்காவல்’ என்பன இன்றும் வழங்கும் தொடர்கள்.

இச்சொல்லுக்கு நேரான சிங்களச் சொல் ‘ஹேன’ என்பதாகும். பழைய சகரம் பல சிங்களச் சொற்களில் ஹகரமாகத் திரிந்திருப்பதால், தமிழ் வடிவமே மூத்த ஒலியைக் காத்து நிற்கிறது எனக் கருத இடமுண்டு. கொழும்பில் சிங்களவர் ‘கொட்டஹேன’ என்னும் பகுதியைத் தமிழர் கொட்டாஞ்சேனை என்பது இவ்விரு வடிவங்களின் உறவுக்கு எல்லோரும் அறிந்த சான்று. ஆங்கிலேயரும் இதனைச் ‘சேனா’ என்று எடுத்தாண்டனர். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பல ஆண்டு இடைவெளியில் மட்டுமே பயிரிடத்தக்க இத்தகைய நிலங்களை அச்சொல்லாலேயே சுட்டி, உரித்து நிறுவப்படாதவிடத்து அவை முடிக்குரியவை என வகுத்தது. காட்டில் பிறந்த சொல்லொன்று காணி பறிக்கும் சட்டத்துள் புகுந்தது அவ்வாறுதான்.

ஊர்ப்பெயர்களுள் பொருள் வளம் மிக்கது அம்பாறைக் கரையோரத்து அட்டாளைச்சேனை. அட்டாளை என்பது உயரக் கட்டிய காவற்பரண். ‘அட்டால’ என்னும் வடசொல்லோடு உறவுடையது. யானை, பன்றி, கிளி ஆகியவற்றிடமிருந்து பயிரைக் காக்க அதன்மேல் ஏறி இரவும் பகலும் விழித்திருப்பர். இதே காட்சியைக் குறிஞ்சிப்பாட்டில் அப்படியே காணலாம்: மரத்தின்மேல் அமைத்த ‘புலி அஞ்சு இதணம்’ ஏறித் தலைவியும் தோழியும் தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளால் கிளியோட்டுகின்றனர். அக்கருவிகளின் இடத்தில் இன்று தகரப்பேணியும் யானைவெடியும் வந்துவிட்டன. இதணம் மட்டும் அட்டாளை என்ற பெயரில் இங்கே ஓர் ஊராகவே நிலைத்துவிட்டது.

உச்சரிப்பில்தான் பலரும் தடுமாறுகின்றனர். சேனைக்குடியிருப்பில் சொன்முதலாக வரும் சகரம் மென்மையாக ஒலிக்கும். வாழைச்சேனையில் ஒற்று மிகுவதால் அது வல்லோசை பெறும். ஆங்கில எழுத்தில் அவ்வூர்ப்பெயர் வால்போல் நீள்வதற்கும் இந்த இரட்டிப்பே காரணம். முறக்கொட்டான்சேனையையோ உள்ளூரார் விரைந்து சொல்லுகையில் னகரம் ஞகரமாகி ‘முறக்கொட்டாஞ்சேனை’ என வர, சகரம் அங்கே மூன்றாவதோர் ஒலியைப் பெறுகிறது. ஒரே சொல்லுக்கு ஒரே மாகாணத்துக்குள் இத்தனை ஒலிகள் இருக்கையில், அயலூரார் நா பிறழ்ந்தால் நகைப்பதற்கு ஒன்றுமில்லை.

இனி, பொது எழுத்தில் சேனைக்கு நேராக ஆளத்தக்க பழந்தமிழ்ச் சொல் எது? பாடநூல்கள் ‘பெயர்ச்சிப் பயிர்ச்செய்கை’ என்கின்றன. அது தொழிலின் பெயரேயன்றி நிலத்தின் பெயரன்று. தமிழகத்தில் வழங்கும் ‘இடம்பெயர் வேளாண்மை’ மட்டக்களப்பார் காதுக்கு இன்னும் விந்தையானது. இங்கே வேளாண்மை என்றாலே நெல்லைத்தான் குறிக்கும், நெல்வயலோ எங்கும் இடம்பெயர்வதில்லை. என் தேர்வு புனம் என்பதே. வள்ளி காத்த தினைப்புனத்தின் பெயராக அதை அறியாத தமிழர் இலர். வட மலபாரில் இந்தப் பயிர்முறையைப் ‘புனம் கிருஷி’ என்றே அழைப்பதால் அது ஏட்டோடு நின்றுவிட்ட சொல்லும் அன்று.

புனத்தை ஏற்பதால் மற்றொரு பயனும் உண்டு. புதிதாகக் காடு வெட்டிய நிலமும் முன்பே பயிரிட்ட நிலமும் உழைப்பிலும் விளைச்சலிலும் வேறானவை. இவற்றுள் முன்னதை ‘இதை’ என்றும் பின்னதை ‘முதை’ என்றும் பழந்தமிழர் பிரித்து வழங்கினர். ‘முதைப்புனங் கொன்ற ஆர்கலி உழவர்’ என்பது குறுந்தொகை 155ஆம் பாட்டு. பாடநூற் கலைச்சொல்லில் இந்தப் பாகுபாட்டுக்கு இடமே இல்லை. பொதுச்சொல்லாகப் புனத்தை எழுதலாம். ஊர்ப்பெயரிலுள்ள சேனையில் மட்டும் எவரும் கைவைக்க வேண்டா. வாழைப்புனம் என்று கேட்டால் பேருந்து நடத்துநர் பயணச்சீட்டுத் தரமாட்டார்.