டவருக்கு எதிராக மனுவா? ‘கதிர்வீச்சு’ என்று மட்டும் எழுதாதீர்கள்

எதிர்வீட்டு மாடியில் செல்போன் டவர் ஏறுகிறது. தெருவே திரண்டு கலெக்டரிடம் மனு கொடுக்கிறது: “கதிர்வீச்சால் உயிருக்கு ஆபத்து, அகற்றுங்கள்.” மாதக்கணக்கில் அலையவிட்டு, “அளவு வரம்புக்குள் உள்ளது” என்று ஒற்றை வரியில் பதில் வரும். கோப்பு மூடப்படும். இப்படிக் கைவிரிக்கப்பட்டவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

டவர் வெளியிடும் மைக்ரோவேவ் அலைகள் அளவு மீறினால் உடலின் செல்களைச் சூடாக்கும். அந்தச் சூடு ஏறாதபடி வைத்ததுதான் சர்வதேச வரம்பு. இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் அதையும் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வரம்பு சதுர மீட்டருக்கு 0.45 வாட். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை 2011-ல் இந்த அலைகளை ‘2பி’ பட்டியலில், அதாவது புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவற்றில், சேர்த்தது உண்மைதான். ஆனால் அதை மட்டும் காட்டி டவரை இறக்க முடியாது. அளவு மீறியதாக அளந்து காட்ட வேண்டும்.

அளப்பது தொலைத்தொடர்புத் துறை. ‘தரங் சஞ்சார்’ இணையதளத்தில் 4,000 ரூபாயும் வரியும் கட்டி விண்ணப்பிக்கலாம். ஆள் வரும்போது கூடவே நில்லுங்கள். விளக்கடியில் இருட்டு என்பதுபோல டவரின் காலடியில் அலை குறைவு. ஆன்டெனாவுக்கு நேர் எதிரே, அதே உயரத்தில் இருக்கும் மாடியில்தான் கூடுதல். அங்கே, உங்கள் ஜன்னலோரம் அளக்கச் சொல்லுங்கள். அறிக்கையில் அளந்த இடம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தெருமுனையில் அளந்துவிட்டுப் போனால் உங்கள் பணம் வீண்.

உண்மையில் பலருடைய வலுவான குறை கதிர்வீச்சே அல்ல. ராத்திரியெல்லாம் ஓடும் ஜெனரேட்டர், அதன் புகை, பழைய கட்டடத்தின் மேல் ஏற்றிய பாரம். இவற்றையும் கதிர்வீச்சு மனுவுக்குள் திணித்தால் எல்லாம் சேர்ந்து மூடப்பட்டுவிடும். தனித்தனியாக எழுதுங்கள். இரைச்சலும் புகையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. கட்டடம் தாங்கும் என்ற பொறியாளர் சான்று எங்கே என்ற கேள்வி மாநகராட்சிக்கோ ஊராட்சிக்கோ. “இது எங்களுடையது இல்லை” என்று வாயால் திருப்பி அனுப்பினால் வந்துவிடாதீர்கள். மனுவைக் கொடுத்து, தேதியும் முத்திரையும் உள்ள ஒப்புகை வாங்குங்கள்.

அப்புறம், டவரை இயக்குமுன், அலை அளவு வரம்புக்குள் இருக்கிறது என்று நிறுவனமே சுயசான்று தர வேண்டும். அதன் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் தொலைத்தொடர்புத் துறையிடம் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும்.