டோசர் பிரேக் விடவில்லையா? வயரை எடுக்கும் முன் கொஞ்சம் நில்லுங்கள்

ஐப்பசி மழை விட்டு நாலு நாள் வெயில் காய்ந்தால் போதும், டோசர் மெக்கானிக்கான எனக்கு இந்த போன் வந்துவிடும். "அண்ணே, டோசர் நகர மாட்டேங்குது. பார்க்கிங் பிரேக் புடிச்சிக்கிட்டு விடவே மாட்டேங்குது."

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் மேலே கிடப்பது பெரும்பாலும் கரிசல். மழை ஈரத்தில் அதைத் தள்ளிவிட்டு, டிராக்கை, அதாவது சக்கரத்துக்குப் பதில் சுற்றும் இரும்புச் செயினை, கழுவாமல் சனிக்கிழமை சாயங்காலம் வண்டியை நிறுத்திப் போய்விடுவார்கள். அடுத்து எடுக்க வரும்போது டிராக்கைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றி, ரோலருக்கும் டிராக் ஃபிரேமுக்கும் நடுவில் இருக்கிற மண் சுட்ட செங்கல்லாகி இருக்கும். கியர் போட்டால் என்ஜின் திணறும், வண்டி அசையாது. பார்க்கிறவனுக்கு பிரேக் பிடித்த மாதிரியேதான் தெரியும். கடப்பாரை, ஒரு டேங்கர் தண்ணீர், அரை நாள் உழைப்பு. இதைத் தவிர அதற்கு வேறு வைத்தியம் கிடையாது. ஸ்ப்ராக்கெட் பல்லுக்கும் செயினுக்கும் நடுவில் ஒரே ஒரு கருங்கல் போய் உட்கார்ந்துகொண்டு இதே வேலையைக் காட்டியதையும் பார்த்திருக்கிறேன். அதனால் என் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "கீழே இறங்கி ரெண்டு பக்க டிராக்கையும் பாத்தீங்களா?"

பார்த்தாகிவிட்டது, டிராக் சுத்தமாக இருக்கிறது என்றால் இனிமேல்தான் பிரேக் பேச்சு.

இங்கே ஒரு விஷயத்தை மனதில் போட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். காரில் ஹேண்ட் பிரேக் என்பது நாம் இழுத்தால் பிடிப்பது. கேபிள் அறுந்தால் பிரேக் இல்லை. இன்றைய டோசரில் கதை தலைகீழ். உள்ளே எண்ணெயில் ஊறிய டிஸ்க்குகள் அடுக்காக இருக்கும். கனமான ஸ்பிரிங் ஒன்று பிஸ்டனைத் தள்ளி அந்த அடுக்கை எந்நேரமும் நெரித்துக்கொண்டே இருக்கும். அதாவது பிரேக் பிடித்திருப்பதுதான் அதன் இயல்பு. என்ஜின் ஓடி, பம்ப் எண்ணெயைத் தள்ளி, அந்த அழுத்தம் பிஸ்டனை ஸ்பிரிங்கிற்கு எதிராகப் பின்னுக்குத் தள்ளினால்தான் பிரேக் விடும். ஹோஸ் வெடித்தாலும், பம்ப் போனாலும், என்ஜின் நின்றாலும், கரண்ட் போனாலும் ஸ்பிரிங் ஜெயித்து வண்டி நின்றுவிடும். சரிவில் 20, 30 டன் எடையை வைத்துக்கொண்டு வேலை பார்க்கிற யந்திரத்துக்கு இப்படித்தான் இருக்கவேண்டும்.

பழைய டி80 போன்ற வண்டிகளில் பெடலை மிதித்து லாக் லிவரைப் போடுகிற ஏற்பாடு. அதில் மாட்டிக்கொண்டால் லிங்க்கேஜ் துரு, பின் தேய்மானம், அட்ஜஸ்ட்மென்ட் என்று கண்ணுக்குத் தெரிகிற சமாசாரமாகவே பெரும்பாலும் இருக்கும். கிரீஸ் கன்னும் பொறுமையும் போதும். அதை இதோடு விட்டுவிடுகிறேன்.

ஸ்பிரிங் பிரேக் வண்டியில் "பிரேக் விடவில்லை" என்றால், பிஸ்டனுக்குப் போகவேண்டிய எண்ணெய் போகவில்லை, அல்லது போயும் பிரயோஜனமில்லை. ஏன் போகவில்லை என்பதுதான் கேள்வி. ஆனால் சைட்டில் லாரி வரிசையாக நிற்கும்போது அந்தக் கேள்விக்கு யாருக்கும் நேரமிருக்காது. எல்லோரும் ஒரு குறுக்கு வழிக்குப் போவார்கள். நானும் போனேன்.

தொழிலுக்கு வந்த புதுசு. ஒரு கல் குவாரி. பெயர் வேண்டாம். காலையில் டோசர் பிரேக் விடவில்லை. பிரேக் வால்வின் சோலனாய்டுக்கு (கரண்ட் வந்தால் காந்தமாகி வால்வைத் திறந்து எண்ணெய் விடும் காயில்) கரண்ட் வரவில்லை என்று கண்டுபிடித்துவிட்டேன். பெரிய கெட்டிக்காரன் என்று எனக்கே என்மேல் நினைப்பு. ஏன் வரவில்லை என்று தேட நேரமில்லை. ஃபியூஸ் பாக்ஸிலிருந்து ஒரு வயரை இழுத்து சோலனாய்டுக்கு நேராகக் கொடுத்தேன். டக்கென்று சத்தம், பிரேக் விட்டது, வண்டி ஓடியது. டீ வாங்கிக் கொடுத்தார்கள். சாயங்காலம் வந்து சரியாகப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் வேறு சைட்டுக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் ஆப்பரேட்டர் ரேம்ப்பில் வண்டியை நிறுத்தினார். நியூட்ரல் போட்டு, பார்க்கிங் லிவரை வழக்கம்போல் போட்டுவிட்டு, பிளேடை முழுசாக இறக்காமல், என்ஜினை ஓடவிட்டபடியே இறங்கினார். பேட்டரி வீக், நிறுத்தினால் மறுபடி செல்ஃப் இழுக்காது என்பதால் அந்த வண்டியைப் பகல் முழுக்க யாரும் நிறுத்துவதில்லை. அவர் நாலு அடி நடப்பதற்குள் வண்டி தானாகக் கிளம்பிவிட்டது. கீழே கிடந்த ஜல்லிக் குவியலில் மோதி ஏறி நின்றது. அந்தக் குவியல் நிழலில்தான் ஹெல்பர் தினமும் சாப்பிட உட்காருவான். அன்றைக்கு சாப்பாடு வரத் தாமதம். அவ்வளவுதான் நடந்தது.

அந்த வயர் என்ன செய்திருக்கிறது என்று பிறகு உட்கார்ந்து யோசித்தேன். லிவரைப் போட்டாலும் எடுத்தாலும் சோலனாய்டுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். என்ஜின் ஓடுகிறவரை எண்ணெய் அழுத்தம் இருக்கும், பிரேக் திறந்தே இருக்கும். லிவர் வெறும் பொம்மை. ஆப்பரேட்டருக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லவேண்டியவன் நான்தான். என்ஜினை நிறுத்தியிருந்தால் ஸ்பிரிங் காப்பாற்றியிருக்கும்; பேட்டரி அதையும் கெடுத்துவிட்டது. உண்மையான கோளாறு லிவருக்குக் கீழே இருந்த சுவிட்ச். கல் தூசி புகுந்து கான்டாக்ட் ஒட்டவில்லை. கழற்றிச் சுத்தம் செய்ய பத்து நிமிஷம்.

அதற்குப் பிறகு நான் பார்க்கிற வரிசை ஒன்று உண்டு. மேனுவலில் இருக்கிற வரிசை இல்லை, எனக்குப் பழகிப்போனது.

முதலில் வண்டியைத் தரையோடு கட்டுவது. பிளேடையும், பின்னால் இருக்கும் மண் கீறும் கொழுவான ரிப்பரையும் இறக்கி மண்ணில் ஊன்றிவிடுவேன். டிராக்குக்கு முன்னும் பின்னும் கட்டை. நாம் செய்யப்போகிற வேலை பிரேக்கை விடவைப்பது. அது திடீரென்று விட்டால் வண்டி எங்கே போகும் என்று யோசித்துவிட்டுத்தான் கை வைக்கவேண்டும். சரிவில் நிற்கிற வண்டிக்கு இறக்கப் பக்கம் ஒரு ஆள் நிற்கக்கூடாது, வேடிக்கை பார்ப்பவர்களையும் சேர்த்து.

அடுத்தது காது. ஆப்பரேட்டரை சீட்டில் உட்காரவைத்து, குறைந்த வேகத்தில் ஒரு நொடி கியர் போடச் சொல்வேன். என்ஜின் சத்தம் இறங்கித் திணறினால், கியர் விழுகிறது, இழுவை போகிறது, ஏதோ ஒன்று டிராக்கைப் பிடித்திருக்கிறது. சத்தத்தில் மாற்றமே இல்லையென்றால் இது பிரேக் கோளாறே இல்லாமல் இருக்கலாம், கியரே விழவில்லை. நிறைய வண்டிகளில் பார்க்கிங் லிவர் போட்டிருந்தால் கியர் விழாதபடி கட் செய்து வைத்திருப்பார்கள். லிவரை எடுத்தும் அதன் சுவிட்ச் 'போட்டிருக்கிறது' என்றே சொல்லிக்கொண்டிருந்தால் வண்டி நியூட்ரலிலேயே நிற்கும். ஆப்பரேட்டருக்கு இரண்டும் ஒன்றுதான், வண்டி நகரவில்லை. நமக்கு இரண்டும் வேறு வேறு ஊர். ஆனால் இந்தச் சோதனை ஒரு நொடிதான். கியரைப் போட்டு ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டே இருந்தால் என்ஜின் இழுவையை எண்ணெய் வழியாகக் கியருக்குக் கடத்தும் கன்வெர்ட்டரில் எண்ணெய் கொதிக்கும். பிரேக் கொஞ்சம் வழுக்கி வண்டி நகர்ந்துவிட்டால் இன்னும் மோசம். "நகர்ந்துடுச்சு அண்ணே, ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்று சந்தோஷப்படுவார்கள், உள்ளே டிஸ்க் கருகிக்கொண்டிருக்கும்.

பிறகு, ஒரு பக்கமா இரண்டு பக்கமுமா? இரண்டு பக்கமும் பிடித்திருந்தால் பொதுவான சமாசாரம்: கரண்ட், சோலனாய்டு, பம்ப், ஃபில்டர், எண்ணெய் அளவு. ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி அந்தப் பக்கமே வட்டமடிக்கப் பார்த்தால், அந்தப் பக்கத்து பிஸ்டன் சீல், டிஸ்க், இல்லையென்றால் ஸ்ப்ராக்கெட்டைச் சுழற்றும் கடைசி கியர் பெட்டியான ஃபைனல் டிரைவுக்குள் பேரிங்கோ பல்லோ உடைந்து இறுகியிருக்கலாம். ஃபைனல் டிரைவ் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். உடைந்த இரும்பு பொய் சொல்லாது.

கரண்ட் பார்ப்பதில் ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது. மல்டிமீட்டரை வைத்தால் சோலனாய்டு கனெக்டரில் 24 வோல்ட் அழகாகக் காட்டும். ஆனால் எலி கடித்து ஒரே ஒரு இழை மிச்சமிருக்கிற வயரும் மல்டிமீட்டருக்கு 24 காட்டும், அந்த மீட்டர் கரண்ட் எதுவும் கேட்பதில்லையே. சோலனாய்டு கேட்கும், அப்போது வோல்ட் படுத்துவிடும். அதனால் நான் 24 வோல்ட் பல்பில் செய்த டெஸ்ட் லேம்ப்பை வைத்திருக்கிறேன். பல்பு பளிச்சென்று எரிந்தால் சரி, மினுக்கினால் வயரிலோ எர்த்திலோ நோய். கனெக்டரைக் கழற்றாமல், லோடில் இருக்கும்போதே பின்னாலிருந்து மீட்டர் வைத்துப் பார்ப்பதும் நல்ல வழி. சோலனாய்டு தலையில் ஸ்க்ரூடிரைவர் முனையைக் காட்டினால் காந்தம் இழுக்கிறதா என்று கைக்கே தெரியும். பக்கத்தில் அதே மாதிரி காயில் இருந்தால் மாற்றிப்போட்டும் பார்க்கலாம், காசு செலவில்லை. லிவர் சுவிட்ச், சீட் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச் எல்லாம் வண்டிக்கு வண்டி மாறும். சர்க்யூட் படம் இல்லாமல் ஊகத்தில் தேடினால் ஒரு நாள் போய்விடும்.

கரண்ட் சரி, சோலனாய்டும் சரி என்றால் எண்ணெய் அழுத்தம் காட்டும் கேஜ். இந்த இடத்தில்தான் பணம் வீணாவது. கேஜ் போட்டுப் பார்க்காமல் பம்ப்பை மாற்றுகிறார்கள், பின்னால் பிரித்து டிஸ்க்கை மாற்றுகிறார்கள். பிரேக் லைனில் டெஸ்ட் போர்ட் இருக்கும். 0 முதல் 60 பார் கேஜ் பெரும்பாலான வண்டிகளுக்குப் போதும், என்றாலும் மேனுவலைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். இந்த சர்க்யூட்டுகள் பலவும் 20, 30 பார் சுற்றி வேலை செய்பவை. உங்கள் வண்டிக்குரிய அளவு மேனுவலில் இருப்பதுதான். எண்ணெய் சூடான பிறகு பாருங்கள், ஐடிலில் ஒரு தடவை, ஆக்சிலேட்டர் கொடுத்து ஒரு தடவை.

அழுத்தம் முழுசாக வந்தும் பிரேக் விடவில்லை என்றால் கோளாறு டிஸ்க் அடுக்கில்தான்: வளைந்த டிஸ்க், துருப்பிடித்து ஒட்டிக்கொண்ட தட்டு. தண்ணீர் கலந்த எண்ணெயோடு மாதக்கணக்கில் நின்ற வண்டிகளில் இது வரும். அப்போது பிரித்தே ஆகவேண்டும். அழுத்தமே குறைவு என்றால் பின்னோக்கிப் போகவேண்டும். லிவரை எடுத்த அந்தக் கணத்தில் மெயின் அழுத்தத்தின் முள் விழுந்து திரும்ப ஏறாவிட்டால் பெரும்பாலும் பிஸ்டன் சீல் வழியாக எண்ணெய் ஓடுகிறது. லிவர் எப்படி இருந்தாலும் மெயின் அழுத்தமே குறைவு என்றால் எண்ணெய் அளவு, சக்ஷன் ஸ்ட்ரெய்னர், ஃபில்டர், ரிலீஃப் வால்வு. பம்ப் கடைசி. ஃபில்டரை மாற்றினால் பழையதை அறுத்துப் பாருங்கள். அதில் கிடக்கிற துகள்தான் உங்களுக்கு அடுத்த ஆறு மாதத்துக்கான செலவைச் சொல்லும்.

ஹோஸைத் தடவிக் கசிவு தேடாதீர்கள். பிரேக் லைனில் அழுத்தம் குறைவுதானே என்று நினைக்கலாம். பக்கத்திலேயே ஓடும் பிளேடு லைனிலும், எண்ணெய் அழுத்தத்தாலேயே டிராக்கை ஓட்டும் ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியின் டிரைவ் லைனிலும் அதைப்போல் பல மடங்கு. ஊசித் துவாரம் வழியாக வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முள் குத்தின மாதிரி ஒரு புள்ளி, முதலில் வலியும் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் கை வீங்கும். மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்தால் விரலையே இழக்க நேரலாம். உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், "ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே ஏறிவிட்டது" என்று அந்த வார்த்தையிலேயே சொல்லவேண்டும். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும்.

இன்னொன்று, இழுத்துக்கொண்டு போவது. வண்டி நடுவழியில் நின்றால் எக்ஸ்கவேட்டரில் சங்கிலி கட்டி இழுத்துவிடலாம் என்பார்கள். பிரேக் பிடித்த வண்டியை இழுத்தால் சங்கிலி அறும், அல்லது டிஸ்க் எரியும். சில வண்டிகளில் வெளியிலிருந்து ஹேண்ட் பம்ப் மாட்டி பிரேக்கை விடவைக்க போர்ட் இருக்கும். இல்லாதவற்றில் ஃபைனல் டிரைவ் கவரைத் திறந்து இரண்டு பக்கமும் ஷாஃப்டை உருவவேண்டும். உருவிய பிறகு அந்த வண்டிக்கு பிரேக் என்று ஒன்று கிடையவே கிடையாது. சரிவு இருந்தால் முன்னால் இழுக்க ஒரு வண்டி, பின்னால் பிடித்துக்கொள்ள ஒரு வண்டி, சங்கிலிக்குப் பதில் இரும்பு டோ பார். இந்த ஏற்பாடு இல்லாத சைட்டில் அங்கேயே வைத்துச் சரிசெய்வதுதான் மலிவு.

மெக்கானிக்கைக் கூப்பிடும்போது இவ்வளவு சொன்னால் எனக்குப் பாதி வேலை முடிந்துவிடும்: ஒரு பக்கமா இரண்டு பக்கமுமா, கியர் போட்டால் என்ஜின் இறங்குகிறதா, காலையிலிருந்தே இப்படியா வேலைக்கு நடுவில் வந்ததா, கடைசியாக எண்ணெய் ஊற்றியது யார், என்ன எண்ணெய். ஏற்கெனவே யாராவது எங்காவது ஒரு வயரை இழுத்துக் கொடுத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். திட்டமாட்டேன்.