ஆர்டினன்ஸ் எல்லாம் அவசரச் சட்டமா?

போன மார்கழியில் ஒருநாள் காலை எதிர்வீட்டு அம்மா கைபேசியைப் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார். முகம் சரியில்லை. அவருடைய மகன் அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்துச் சின்ன ஊர் ஒன்றில் இருக்கிறான். அந்த ஊர் நிர்வாகம் வீடுதோறும் கொடுத்த அறிவிப்பைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். அதைக் கைபேசியே தமிழாக்கிக் காட்டியது: “நகர அவசரச் சட்டத்தின்படி இரவு 2 மணி முதல் 6 மணி வரை தெருவில் வாகனங்கள் தடை செய்யப்பட்டுள்ளன.”

“அங்க ஏதாவது கலவரமா தம்பி? ஊரடங்கு மாதிரி போட்டிருக்காங்களே” என்று கேட்டார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. அரசாங்கத்திடமிருந்து ‘அவசர’ என்று தொடங்கி எது வந்தாலும் அவருக்கு 1975ஆம் ஆண்டு அவசரநிலைதான் நினைவுக்கு வரும்.

ஆங்கில மூலத்தை வாங்கிப் படித்தேன். பனிக்காலத்தில் இரவு நேரம் தெருவோரம் காரை நிறுத்தக்கூடாது, பனி தள்ளும் வண்டி போக வழி வேண்டும், அவ்வளவுதான். வருஷா வருஷம் பனிக்காலம் வந்தால் நடைமுறைக்கு வருகிற விதி. மூலத்தில் இருந்த சொல் ‘ஆர்டினன்ஸ்’. அதற்கு ‘அவசரச் சட்டம்’ என்று போட்டதில்தான் ஒரு தாய்க்குக் காலை காப்பி இறங்கவில்லை.

கருவி செய்த பிழை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் கருவி இதை மனிதர்களிடமிருந்துதான் கற்றது. மொழிபெயர்ப்புகளைத் திருத்துவது என் பிழைப்பு. அமெரிக்க ஊர்களைப் பற்றிய செய்தியோ, படத்துக்கான அடிவரியோ, கட்டுரையோ, எது வந்தாலும் நகர்மன்றம் ‘அவசரச் சட்டம்’ போட்டுக்கொண்டே இருக்கிறது. நாய்க்குச் சங்கிலி கட்ட அவசரச் சட்டம், புல் வெட்ட அவசரச் சட்டம், குப்பைத் தொட்டியை எந்தக் கிழமை வெளியே வைப்பது என்பதற்கும் அவசரச் சட்டம்.

சொல்லின் வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லத்தீனில் ‘ஓர்டோ’ என்றால் வரிசை, ஒழுங்கு. அதிலிருந்து ஒழுங்குபடுத்து என்ற வினை, அதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது ஆர்டினன்ஸ். ஒழுங்கு செய்து வைத்தது, விதித்தது என்பதுதான் பொருள். பீரங்கி, படைத் தளவாடங்களைக் குறிக்கும் ‘ஆர்ட்னன்ஸ்’ இதே சொல்தான், நடுவில் ஓர் எழுத்து தேய்ந்துபோனது. ஆவடியில் ராணுவத்துக்கு உடை தைக்கும் தொழிற்சாலையின் ஆங்கிலப் பெயரில் அந்தச் சொல் இருக்கிறது. வேரில் எங்கேயும் அவசரம் இல்லை.

அப்படியானால் நம்மிடம் அவசரம் எப்படி வந்தது? 1861ஆம் ஆண்டு இந்தியக் கவுன்சில்கள் சட்டத்தில், அவசர நிலைமைகளில் கவர்னர் ஜெனரல் தாமே ஆர்டினன்ஸ் பிறப்பிக்கலாம், அது ஆறு மாதம் செல்லும் என்று ஒரு பிரிவு வைத்தார்கள். அந்த வழக்கம் 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடர்ந்து, நம் அரசியலமைப்பின் 123, 213ஆம் கூறுகளில் வந்து நிற்கிறது. நாடாளுமன்றமோ சட்டமன்றமோ கூடாத நேரத்தில் குடியரசுத் தலைவரோ ஆளுநரோ பிறப்பிப்பது. அவை மறுபடி கூடி ஆறு வாரம் ஆனால் தானாக இறந்துவிடும். இதற்கு ‘அவசரச் சட்டம்’ என்று பெயர் வைத்தவரைக் கைகூப்பிக் கும்பிட வேண்டும். ஆங்கிலச் சொல் சொல்லாததைத் தமிழ்ச் சொல் சொல்கிறது. ‘அவசரம்’ வடமொழிச் சொல், அங்கே அதற்குத் தருணம் என்று பொருள், அதனால் ‘விரைவுச் சட்டம்’ என்று மாற்றலாம் என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். எனக்கு உடன்பாடில்லை. நானும் தூய தமிழை விரும்புகிறவன்தான். ஆனால் இந்த இடத்தில் சொல் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

எவ்வளவு சரியாகச் செய்கிறது என்பதை 2017 ஜனவரியில் மெரினாவில் பார்த்தோம். ஜல்லிக்கட்டுக்காக அவசரச் சட்டம் 21ஆம் தேதி வந்தது. கடற்கரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எழுந்து போகவில்லை. ‘அவசரச் சட்டம் போதாது, நிரந்தரச் சட்டம் வேண்டும்’ என்றார்கள். 23ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. 2022இல் ஆன்லைன் சூதாட்டத் தடை அவசரச் சட்டம் நவம்பரில் காலாவதியானபோதும் அந்தச் சொல்லின் பொருளை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவசரச் சட்டம் என்றால் தற்காலிகம், மேலிருந்து வருவது, மன்றம் கூடாமல் பிறப்பது. இந்த மூன்றும் சென்னைக்காரன் மனதில் கல்வெட்டாகப் பதிந்திருக்கின்றன.

அமெரிக்க ஊரின் ஆர்டினன்ஸ் இந்த மூன்றுக்கும் நேர் எதிர். அதை ஆளுநர் பிறப்பிப்பதில்லை. ஊர் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் கூடி வாக்களித்து இயற்றுகிறது. பல ஊர்களில் இரண்டு தனித்தனிக் கூட்டங்களில் அதைப் படித்தாக வேண்டும், நடுவில் ஊர்க்காரர்கள் வந்து பேச நேரம் கொடுக்க வேண்டும். நிறைவேறிய பிறகும் பல ஊர்களில் சில வாரம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். நீக்கும்வரை நாற்பது, ஐம்பது வருஷம் கூட இருக்கும். அதைவிட, நிஜமாகவே அவசரம் வந்தால் கூடுதல் பெரும்பான்மையோடு உடனே அமலாக்க அவர்களிடம் தனி வகை ஆர்டினன்ஸ் இருக்கிறது. அதற்குப் பெயரே ‘எமர்ஜென்சி ஆர்டினன்ஸ்’. சாதாரணமானதையே அவசரச் சட்டம் என்று எழுதிவிட்ட மொழிபெயர்ப்பாளர் அதை என்னவென்று எழுதுவார்? ஒருவர் ‘அவசரகால அவசரச் சட்டம்’ என்று எழுதிய பக்கம் என் மேசைக்கே வந்தது. இந்த இடத்திலாவது நின்று யோசித்திருக்க வேண்டாமா?

தடுமாற்றத்துக்கு ஒரு நியாயமான காரணமும் இருக்கிறது. அங்கே ஊர்மன்றம் பார்க்கிற வேலைகள் பலவற்றை இங்கே ஊர்மன்றம் பார்ப்பதில்லை. எந்தத் தெரு ஒருவழிப் பாதை, எங்கே வண்டி நிறுத்தலாம், தீயணைப்பு வண்டியில் எத்தனை பேர் ஏற வேண்டும் என்பதையெல்லாம் அமெரிக்க ஊர்களில் நகர்மன்றம் பேசுகிறது. தீயணைப்பு வண்டிக்குக் குறைந்தது நான்கு பேர் என்று அங்கே ஒரு தரநிலை உண்டு. அதற்குக் கீழே குறைக்கலாமா, கூடாதா என்று மன்றத்தில் மல்லுக்கட்டுவார்கள். நம் சென்னையில் ஒருவழிப் பாதையை அறிவிப்பது போக்குவரத்துக் காவல். தீயணைப்பு மாநில அரசின் துறை. 74ஆம் திருத்தத்தோடு வந்த பன்னிரண்டாம் அட்டவணையில், நகராட்சிகளுக்குக் கொடுக்கக்கூடிய 18 வேலைகளில் ஏழாவதாகத் தீயணைப்பு இருக்கிறது, மும்பையில் மாநகராட்சியே தீயணைப்புப் படை வைத்திருக்கிறது. இங்கே இன்னும் ரிப்பன் மாளிகைக்கு வரவில்லை. 200 வார்டு, 1688இல் தொடங்கிய மாநகராட்சி, இருந்தும் நம் மாமன்றத்தில் தீயணைப்பு வீரர் எண்ணிக்கையைப் பற்றிச் சட்டம் வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அதனால் ஊர்மன்றம் சட்டம் போடும் என்பதே மொழிபெயர்ப்பாளர் மனதில் உருவாகவில்லை. ஆர்டினன்ஸ் என்றதும் கை ஆளுநர் மாளிகைப் பக்கம் போய்விடுகிறது.

சரி, வேறு என்ன எழுதுவது? சிலர் ‘தீர்மானம்’ என்கிறார்கள். கூடாது. மன்றம் தீர்மானமும் போடும், ஆர்டினன்ஸும் போடும், இரண்டும் வேறு. தீர்மானத்தை மீறினால் அபராதம் இல்லை. ‘ஆணை’, ‘அரசாணை’ என்பவர்களும் உண்டு. அரசாணை என்பது கோட்டையிலிருந்து ஒரு துறைச் செயலாளர் கையெழுத்தில் வருவது. மன்றம் வாக்களித்ததை அப்படிச் சொல்வது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை அழித்துவிட்டு அதிகாரியை உட்கார வைப்பது. ‘விதி’ என்பது பரவாயில்லை, ஆனால் நம் ஆட்சித்தமிழில் விதிகள் என்றால் ஒரு சட்டத்தின் கீழ் அரசு வகுப்பது.

‘துணைவிதி’தான் இருப்பதில் நெருக்கமானது. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கிய எவருக்கும் இந்தச் சொல் தெரியும். சென்னை மாநகராட்சி 2019இல் திடக்கழிவு மேலாண்மைக்குக் கொண்டுவந்தவை துணைவிதிகள்தான். குப்பையைத் தெருவில் கொட்டினால் அபராதம் என்பது அதன்படி. நம் மாநகராட்சியைப் பற்றி எழுதும்போது துணைவிதி என்றே எழுதுங்கள், வேறு சொல் தேட வேண்டாம். ஆனால் அமெரிக்க ஊருக்கு அது கொஞ்சம் சிறிய சட்டை. அங்கே மன்றம் இயற்றுவது அந்த ஊரின் சட்டம் என்றே பேசப்படுகிறது, துணை என்ற முன்னொட்டு அதைக் குறைத்துக் காட்டுகிறது.

இதற்கு நம்மிடமே ஒரு சொல் இருக்கிறது, பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம். இலங்கையில் ஆங்கிலேயர் காலத்துச் சட்டங்களுக்கு ஆர்டினன்ஸ் என்றுதான் பெயர், அவற்றை அங்குள்ள தமிழர் ‘கட்டளைச் சட்டம்’ என்று எழுதுகிறார்கள். மாநகர சபைகள் கட்டளைச் சட்டம், நகர சபைகள் கட்டளைச் சட்டம், சான்றுக் கட்டளைச் சட்டம். யாழ்ப்பாண மாநகர சபை நடப்பதே இவற்றில் முதலாவதன் கீழ்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே அவசரநிலையைப் பிரகடனம் செய்ய இடம் கொடுத்த 1947ஆம் ஆண்டுச் சட்டம் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். அதன் கீழ் வந்தவை அவசரகால விதிகள். கட்டளைச் சட்டம் ஒரு பக்கம், அவசரகாலம் ஒரு பக்கம். பல பத்தாண்டுகள் அவசரகாலத்தின் கீழ் வாழ்ந்த மக்கள் இந்த இரண்டு சொல்லையும் குழப்பவில்லை. நாம் குழப்புகிறோம்.

‘கட்டளை’ என்றால் ஒருவர் அதட்டி ஏவுவது போல இருக்கிறதே என்று கேட்கலாம். பத்துக் கட்டளைகளும், ‘கட்டளையிட்டார்’ என்ற கதைத் தமிழும் அப்படிப் பழக்கிவிட்டன. சொல்லின் பழைய வாழ்க்கையைப் பாருங்கள். செங்கல் அறுக்கும் அச்சுக்குக் கட்டளை என்று பெயர். நான்கு பலகைக்குள் மண்ணை அடைத்தால் எல்லாக் கல்லும் ஒரே அளவில் விழும். பொன்னை உரைத்துப் பார்ப்பது கட்டளைக்கல், குறளில் ‘கருமமே கட்டளைக் கல்’ என்று வருகிறதே, அது. கோயிலில் உச்சிக்காலக் கட்டளை என்றால் இன்னாருடைய பொறுப்பில் இன்ன பூசை என்ற ஏற்பாடு. கட்டளைக் கலித்துறையில் அடி நேரசையில் தொடங்கினால் ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. அந்தக் கணக்குக்காகத்தான் அதற்குக் கட்டளை என்று பெயர். அளவு, ஒழுங்கு, ஏற்பாடு. லத்தீன் ‘ஓர்டோ’ சொன்னதும் அதுதான். இவ்வளவு பொருத்தமாக ஒரு சொல் கிடைக்கும்போது அதை விட்டுவிட்டு ‘அவசர’த்தை எடுப்பது எனக்கு மனக்கஷ்டமாகவே இருக்கிறது.

இந்தச் சொல்லுக்கு மட்டும் வந்த நோய் இல்லை இது. ‘கவுன்சில்’ என்று வந்தால் மாநகராட்சிக்கு மாமன்றம், நகராட்சிக்கு நகர்மன்றம் என்று நம்மிடம் தெளிவாக இருக்கும்போது எல்லாவற்றையும் ‘சபை’ என்று எழுதி, சட்டசபையா என்று வாசகரை யோசிக்க வைக்கிறார்கள். அகராதியைத் திறந்து முதலில் கிடைப்பதை எடுப்பதால் வருவது இது. சட்டத் தொடர்பான சொல் வந்தால் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளச் சொல்கிறேன், என்னிடம் வேலை கற்க வரும் பிள்ளைகளிடம்: இதை யார் செய்தது, எவ்வளவு நாள் செல்லும், மீறினால் என்ன ஆகும். ஹாங்காங்கில் சட்டமன்றம் இயற்றும் சாதாரணச் சட்டங்களுக்கே ஆர்டினன்ஸ் என்று பெயர். அங்கே ‘சட்டம்’ என்றாலே போதும். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் ஆர்டினன்ஸ் உண்டு. அதை அவசரச் சட்டம் என்று எழுதினால் பட்டப்படிப்பு விதிகளை ஆளுநர் இரவோடு இரவாகப் போட்டதாக ஆகிவிடும்.

போன வாரம் திருத்தத்துக்கு வந்த ஒரு வரி: “தீயணைப்புப் பணியாளர் அவசரச் சட்டத்தின் இரண்டாவது வாசிப்பை நகர சபை ஒத்திவைத்தது.” அவசரம் என்றால் ஏன் ஒத்திவைக்கிறார்கள்? அதை இப்படி மாற்றினேன்: “ஒவ்வொரு தீயணைப்பு வண்டியிலும் குறைந்தது நான்கு பேர் இருக்க வேண்டும் என்னும் கட்டளைச் சட்டத்தை நகர்மன்றம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தது.” எழுதியவர் பேசினார். “கட்டளைச் சட்டம்னா இங்க யாருக்கும் புரியாதே சார்” என்றார். வாசகருக்குப் புரியாவிட்டால் ஒரு முறை கேட்பார், புரிந்துகொள்வார். தப்பாகப் புரிந்துவிட்டால் கேட்கவே மாட்டார் என்றேன். வரி அப்படியே அச்சுக்குப் போயிற்று.

எதிர்வீட்டு அம்மாவுக்கு அன்று கட்டளைச் சட்டம், துணைவிதி எதையும் சொல்லவில்லை. “அந்த ஊர் முனிசிபாலிட்டி சட்டம்மா. ராத்திரி ரோட்டுல கார் விடக்கூடாதாம், பனி தள்ளணுமாம்” என்றேன். உடனே மகனைக் கூப்பிட்டு, காரை எங்கே நிறுத்தியிருக்கிறாய் என்று கேட்டார்.