புகை வாடைக்கு எலுமிச்சை போதாது

பழைய கிரில் கம்பியை எத்தனை தடவை தேய்த்தாலும் புகை வாடை போகாது. இரும்பு வாடையை உறிஞ்சிக்கொண்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, வாடை முழுக்க அதன்மேல் படிந்த பிசுக்கில்தான் இருக்கிறது.

விறகுக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் சிதையும்போது குவாயகால், சிரிங்கால் போன்ற ஃபீனால் சேர்மங்கள் வெளிவரும். புகை மணத்துக்கு முக்கியக் காரணம் இவைதான். கூடவே, இறைச்சியிலிருந்து கங்கில் சொட்டும் கொழுப்பும் புகையாகி மேலே வந்து கம்பியில் ஒட்டும். நாளாக ஆக அது ஆக்சிஜனோடு வினைபுரிந்து, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனில் விரல் ஒட்டுமே, அந்தப் பதத்துக்கு இறுகிவிடும். ஃபீனால்கள் அதற்குள் மாட்டிக்கொண்டு, அடுத்த முறை கம்பி சூடேறியதும் கிளம்புகின்றன. கொழுப்பு காறிப்போன வாடை தனி.

சரி, எலுமிச்சையும் வினிகரும் ஏன் தோற்கின்றன? ஃபீனால்களே லேசான அமிலங்கள். இன்னொரு அமிலத்தைப் பார்த்து அவை அசைவதில்லை. அமிலத்துக்கு எதிர்க்குணமுள்ள காரம் (ஆல்கலி) பட்டால்தான் உப்பாக மாறும். அந்த உப்பு ஆவியாகாது, அதனால் மூக்குக்கும் எட்டாது. தண்ணீரில் எளிதாகக் கரைந்தும் போகும். ஆனால் காரம் போதிய வலுவோடு இருக்க வேண்டும். அந்த வலுவைக் காட்டும் அளவுதான் பிஎச்; 7-க்கு மேலே போகப் போகக் காரம் கூடும். குவாயகாலில் பாதி உப்பாகவே பிஎச் 10 தேவை. ஆப்பச்சோடாக் கரைசல் 8-ஐச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். சலவைச் சோடா 11-ஐத் தொடும். ஆப்பச்சோடாவில் வினிகரை ஊற்றிப் பொங்க வைப்பது பார்க்க ஜோராக இருக்கும்; ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிடுகின்றன, பொங்குவது வெறும் கார்பன் டை ஆக்சைடு.

சூடான நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, கம்பியை ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும். கையுறையோடு தொட்டாலே கம்பி வழுக்கும்: கொழுப்பில் ஒரு பங்கு சோப்பாகிவிட்டது. மிச்சமிருக்கும் கருப்பு பெரும்பாலும் கரி, அதைச் சுரண்டி எடுங்கள். அலுமினியத்தை மட்டும் இதில் போடாதீர்கள், அரித்துவிடும். நெருப்பில் காட்டி எரிப்பதும் பலன் தரும். ஆனால் துத்தநாக முலாம் பூசிய கம்பியை எரிக்கவே கூடாது, அந்தப் புகை காய்ச்சலில் கொண்டுபோய் விடும்.

வார்ப்பிரும்பு என்றால் இன்னொரு வேலை உண்டு. துருப்பிடிக்காமல் காத்த எண்ணெய்ப் படலத்தையும் சோடா கரைத்திருக்கும். நன்றாகக் கழுவி, உடனே உலர்த்தி, எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவி, புகை வந்து அடங்கும்வரை சூடாக்குங்கள். தடவியதே தெரியாத அளவுக்குத் துடைத்துவிட வேண்டும். தாராளமாகப் பூசினால் படலம் இறுகாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும்.