மாவட்ட கனிம அறக்கட்டளை: சுரங்கம் உள்ள ஊர்களுக்குச் சட்டம் ஒதுக்கியிருக்கும் பணம்

ஓர் ஊரில் சுரங்கமோ குவாரியோ வந்தால், கனிமத்துக்கான ராயல்டி அரசுக்குப் போகும், லாபம் குத்தகைதாரருக்குப் போகும். கிணற்றில் நீர்மட்டம் இறங்குவதும், வெடி வைக்கும்போது சுவரில் விரிசல் விழுவதும், லாரி ஓடும் சாலையோரத்துப் பயிரில் தூசி படிவதும் அந்த ஊர்க்காரர்களுக்கே மிஞ்சும். நீண்ட காலமாக நாட்டின் கனிமச் சட்டத்தில் இதற்கென்று தனியான பரிகாரம் எதுவும் இல்லாமலிருந்தது. 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் 2015இல் திருத்தப்பட்டபோது சேர்க்கப்பட்ட 9பி என்ற பிரிவுதான், சுரங்கத் தொழிலால் பாதிக்கப்படும் மக்களின் நலனுக்காக, அத்தகைய பாதிப்பு உள்ள ஒவ்வொரு மாவட்டத்திலும் லாப நோக்கமற்ற ஓர் அறக்கட்டளையை மாநில அரசு அமைக்க வேண்டும் என்று முதன்முறையாகக் கட்டளையிட்டது. அதுவே மாவட்ட கனிம அறக்கட்டளை. இந்த நிதியைச் செலவிடுவதற்கான நெறிமுறையாக மத்திய அரசு 2015 செப்டம்பரில் அறிவித்தது பிரதான் மந்திரி கனிஜ் க்ஷேத்ர கல்யாண் யோஜனா என்ற திட்டம். பணம் சேரும் இடம் அறக்கட்டளை, அதை எப்படிச் செலவழிப்பது என்று சொல்வது திட்டம் என்று புரிந்துகொண்டால் குழப்பம் வராது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். சுரங்கக் குத்தகைதாரர் அரசுக்குக் கட்டும் ராயல்டிக்கு மேல், அதன் ஒரு பங்கைக் கூடுதலாக இந்த அறக்கட்டளைக்குச் செலுத்த வேண்டும். 2015 ஜனவரி 12ஆம் தேதிக்கு முன்பு வழங்கப்பட்ட குத்தகையாக இருந்தால் ராயல்டியில் 30 சதவீதம், அதற்குப் பிறகு ஏலத்தின் மூலம் வழங்கப்பட்டதாக இருந்தால் 10 சதவீதம். ஏலத்தில் எடுப்பவர் அரசுக்குத் தனியாக ஏலத்தொகையும் கட்டுகிறார் என்பதால் அவருக்கு விகிதம் குறைவு. சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 80 ரூபாய் ராயல்டி என்று வைத்துக்கொண்டால், பழைய குத்தகையில் ஒவ்வொரு டன்னுக்கும் 24 ரூபாய் அறக்கட்டளைக்கு வர வேண்டும். 20 டன் ஏற்றிக்கொண்டு ஒரு லாரி ஊரைத் தாண்டிப் போனால் அந்த ஒரு லோடில் மட்டும் 480 ரூபாய். ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் வெட்டும் ஒரே சுரங்கத்தில் 2 கோடியே 40 லட்சம் ரூபாய். நாடு முழுவதும் இப்படிச் சேர்ந்த தொகை ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களில்தான் பெரும்பங்கு சேருகிறது என்றாலும், அரியலூரின் சுண்ணாம்புக்கல், கடலூர் மாவட்டத்தில் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி, சேலத்தின் மாக்னசைட் ஆகியவற்றுக்கும் இதே சட்டம்தான் பொருந்தும். சாதாரணக் கல், கிராவல், கிரானைட் போன்ற சிறுகனிமங்களைப் பொறுத்தவரை எவ்வளவு செலுத்த வேண்டும் என்பதை மாநில அரசு தன் விதிகளில் நிர்ணயிக்கும். ஆகவே கல்குவாரிகள் மட்டுமே உள்ள மாவட்டம் என்பதற்காக இந்த நிதி கிடையாது என்று யாராவது சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

கனிம வருவாயில் ஒரு பங்கு தோண்டப்பட்ட பகுதிக்கே திரும்ப வேண்டும் என்ற எண்ணம் இந்தியாவில் மட்டும் தோன்றியதன்று. பெரு நாட்டில் சுரங்க நிறுவனங்கள் செலுத்தும் வருமான வரியில் பாதி, சுரங்கம் உள்ள பகுதிகளின் உள்ளாட்சி, வட்டார அரசுகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் செல்கிறது. அங்கே பணம் அரசு அமைப்புகளுக்குப் போகிறது. இந்தியச் சட்டமோ பாதிக்கப்பட்ட மனிதர்களையும் பகுதிகளையும் நேரடியாகப் பயனாளிகள் என்று சொல்கிறது. அதனால் 'பாதிக்கப்பட்டவர் யார்?' என்ற கேள்விக்கான விடை இந்தத் திட்டத்தில் மிகவும் முக்கியமானது.

2024இல் திருத்தப்பட்ட நெறிமுறைகளின்படி, சுரங்கத்திலிருந்து 15 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருப்பது நேரடியாகப் பாதிக்கப்பட்ட பகுதி, 25 கிலோமீட்டர் வரை இருப்பது மறைமுகமாகப் பாதிக்கப்பட்ட பகுதி. சுரங்கம் ஒரு மாவட்டத்திலும் பாதிப்பு அடுத்த மாவட்டத்திலும் இருந்தால், அந்த அடுத்த மாவட்டத்துக்கும் பங்கு உண்டு. நபர்களைப் பொறுத்தவரை, 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தில் 'பாதிக்கப்பட்ட குடும்பம்', 'இடம்பெயர்ந்த குடும்பம்' என்று வரையறுக்கப்பட்டவர்கள் இதில் அடங்குவார்கள். பட்டா வைத்திருப்பவர் மட்டுமல்லாமல், அந்த நிலத்தில் வேலை செய்து பிழைத்தவரும், வழிவழியாக அதில் பயன்பாட்டு உரிமை கொண்டிருந்தவரும் இந்த வரையறைக்குள் வருகிறார்கள். ஆடு மேய்த்த புறம்போக்கு குவாரியாகிவிட்டதால் தொழிலை இழந்த நிலமற்ற ஒரு குடும்பம், நிலமில்லை என்ற ஒரே காரணத்தால் ஒதுக்கப்பட்டுவிடக் கூடாது. இவர்களின் பட்டியலைத் தயாரித்து, அவ்வப்போது புதுப்பித்து வைத்திருப்பது அறக்கட்டளையின் கடமை. என் பார்வையில் இந்தத் திட்டம் முழுவதற்கும் அச்சாணி இந்தப் பட்டியல்தான். பட்டியல் இல்லாத மாவட்டத்தில் பணம் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பட்டியலில் உங்கள் ஊரின் பெயர் இருந்தால், எங்கள் ஊருக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்க உங்களுக்கு எழுத்துப்பூர்வமான ஆதாரம் கிடைக்கிறது.

செலவுக்கும் வரம்பு உண்டு. தொடக்கத்தில் நிதியின் 60 சதவீதமாவது முன்னுரிமைத் துறைகளுக்குச் செலவாக வேண்டும் என்று இருந்தது 2024இல் 70 சதவீதமாக உயர்த்தப்பட்டது; 70 சதவீதத்துக்குக் குறையாமல் நேரடியாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளிலேயே செலவிட வேண்டும் என்றும் சேர்க்கப்பட்டது. குடிநீர், மாசுக் கட்டுப்பாடு, மருத்துவம், கல்வி, பெண்கள் மற்றும் குழந்தைகள் நலன், முதியோர் மற்றும் மாற்றுத்திறனாளிகள் நலன், தொழிற்பயிற்சி, துப்புரவு ஆகியவை முன்னுரிமைத் துறைகளில் அடங்கும். சாலை, பாலம், நீர்ப்பாசனம் போன்ற பணிகளுக்கு மீதியிலிருந்துதான் எடுக்க வேண்டும். இந்த வரிசை காரணத்தோடு வைக்கப்பட்டது. கல்குவாரியிலும் கிரஷரிலும் பல ஆண்டுகள் வேலை செய்தவரின் நுரையீரலில் கல்தூசி படிந்து வரும் சிலிக்கோசிஸ் என்ற நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. காலத்தோடு எக்ஸ்ரே எடுத்துக் கண்டறிந்து, தூசியிலிருந்து அவரை விலக்கி வைப்பதுதான் செய்யக்கூடியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எக்ஸ்ரே கருவியும் அதை இயக்குபவரும் இருப்பதற்கும், பாதிக்கப்பட்ட மக்களுக்குக் குழு மருத்துவக் காப்பீடு எடுப்பதற்கும் இந்த நிதியைப் பயன்படுத்தலாம். ஆனால் ஒரு சாலைக்குப் பூமி பூஜை போட்டால் கண்ணுக்குத் தெரிகிறது, எக்ஸ்ரே கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் ஊர்க்காரர்களே கேட்காவிட்டால் இது போன்ற கோரிக்கைகள் திட்டத்துக்குள் வருவது கடினம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுரங்கம் ஒருநாள் மூடப்படும், அன்றோடு பங்களிப்பும் நின்றுபோகும். அதற்குப் பிறகு அந்தப் பகுதி மக்களின் பிழைப்புக்கு வழி வேண்டும் என்பதற்காக, வரவு அதிகமுள்ள மாவட்டங்கள் ஆண்டு வரவில் 10 சதவீதம் வரை நிலைநிதியாக ஒதுக்கிவைக்கலாம்.

அறக்கட்டளையின் ஆட்சிக் குழுவுக்கு மாவட்ட ஆட்சியர் தலைவர். நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களும் அதில் இடம்பெறுகிறார்கள். மாநில அரசு இந்தப் பணத்தைத் தன் கருவூலத்துக்கோ வேறு நிதிக்கோ மாற்றக் கூடாது, மாநில அளவில் செலவுக்கு ஒப்புதல் வழங்கவும் கூடாது என்று மத்திய அரசு 2021 ஜூலையில் ஆணையிட்டது. ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளில், அதாவது பழங்குடியினர் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில், திட்டங்களுக்குக் கிராம சபையின் ஒப்புதல் வேண்டும். செய்த பணிகளைப் பற்றிய அறிக்கையை ஆண்டுதோறும் கிராம சபை முன் வைக்கவும் வேண்டும். தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றும் இல்லை என்பதால், இந்தக் கட்டாயப் பாதுகாப்பு நம் ஊர்களுக்குக் கிடைப்பதில்லை. இதை ஒரு பெரிய குறையாகவே நான் கருதுகிறேன். பாதிப்பை அனுபவிப்பவர்களின் ஒப்புதலைக் கேட்பதற்குப் பழங்குடிப் பகுதி என்ற அறிவிப்பு ஒரு நிபந்தனையாக இருக்கக் கூடாது.

இந்த நிதியிலிருந்து எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இது தனிநபருக்கான இழப்பீடு அன்று. கையகப்படுத்திய நிலத்துக்கான விலையும் மறுவாழ்வு உதவியும் வேறு சட்டத்தின்கீழ் வருபவை. குத்தகைதாரர் இந்தப் பங்களிப்பைச் செலுத்திவிட்டார் என்பதால், சாலையில் தண்ணீர் தெளிப்பது, லாரியைத் தார்ப்பாய் போட்டு மூடுவது, தோண்டிய குழிக்கு வேலி போடுவது, சுரங்கத்தை முறைப்படி மூடுவது ஆகிய அவருடைய சொந்தக் கடமைகள் எதுவும் குறைந்துவிடாது. 'நாங்கள்தான் கனிம நிதி கட்டுகிறோமே' என்ற பதில் செல்லாது.

நடைமுறையில் என்ன செய்யலாம்? 2024 நெறிமுறைகள் ஒவ்வொரு மாவட்டமும் அடிப்படைக் கணக்கெடுப்பு நடத்தி ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றைத் தயாரிக்க வேண்டும் என்கின்றன. பணிகள் முடிவான பிறகு மனுக் கொடுப்பதைவிட, அந்தத் திட்டம் தயாராகும்போதே ஊரின் தேவையைச் சேர்க்க வைப்பதில்தான் பயன் அதிகம். கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, அதன் நகலை மாவட்ட ஆட்சியருக்கும், மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலகத்துக்கும் அனுப்பலாம். 'ஊருக்கு வசதி செய்து தர வேண்டும்' என்று பொதுவாக எழுதாமல், எந்தச் சுரங்கம், அது ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டர், எந்தக் கிணறுகள் வற்றின, எந்தத் தெருவுக்குக் குடிநீர் வரவில்லை என்று குறிப்பாக எழுதினால், மறுப்பவர் காரணம் சொல்லியாக வேண்டும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்வது நல்லது.

பாதிக்கப்பட்ட பகுதிகள் மற்றும் மக்களின் பட்டியல், காலாண்டு வாரியாக வந்த பங்களிப்பு, கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள், ஆண்டுத் திட்டம், பணி ஆணைகள், தணிக்கை அறிக்கை ஆகியவற்றை அறக்கட்டளை தன் இணையதளத்தில் தானாகவே வெளியிட வேண்டும். அங்கே கிடைக்காவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். எங்கள் ஊராட்சி நேரடியாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளின் பட்டியலில் உள்ளதா, எங்கள் எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு குத்தகையிலிருந்தும் கடந்த மூன்று ஆண்டுகளில் வந்த தொகை எவ்வளவு, அதே காலத்தில் எங்கள் ஊராட்சியில் செலவான தொகை எவ்வளவு என்ற மூன்று கேள்விகளே போதும். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ, அதற்கடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.